எதிர் ஓரத்துக்குப் பன்னிரண்டடி

கார் தப்பான பக்கம் நிற்பதை முதலில் பார்த்தவள் நிர்மலாதான். காலை ஏழேகாலுக்குப் பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வந்தவள், பாலை மறந்துவிட்டு உள்ளே ஓடிவந்து, பல் தேய்த்துக்கொண்டிருந்த கணவனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னங்க, இன்னிக்கு என்ன தேதி?"

முத்துவேல் வாயில் நுரையோடு பத்து விரலையும் விரித்துக் காட்டி, பிறகு இரண்டு விரலைக் காட்டினான்.

"பன்னெண்டு தான? அப்ப அப்பா வண்டி ஏன் இன்னும் மேற்கால நிக்குது?"

முத்துவேல் நுரையை விழுங்கிவிட்டான்.

அந்த வீதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புதுச்சேரியின் பழைய வீதிகளில் ஒன்று. கயிறு பிடித்துப் போட்ட நேர்கோடு, ஆனால் அகலம் போதாது. இரண்டு ஓரமும் கார் நின்றால் நடுவில் சைக்கிள்காரன்கூட இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் ஒற்றைப்படைத் தேதியில் மேற்கு ஓரம், இரட்டைப்படைத் தேதியில் கிழக்கு ஓரம் என்று ஓர் ஏற்பாடு. காலை எட்டு மணிக்கு மேல் தப்பான ஓரத்தில் நின்றால் போலீஸ் வந்து சக்கரத்தில் பூட்டு மாட்டிவிடும்.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் வேறு யாருமில்லை, முத்துவேலின் மாமனார் வைத்திலிங்கம்தான். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அளக்க நிலம் இல்லாமல் போனதும் ஊரை அளக்க ஆரம்பித்தார். பாதசாரிகள் கடக்கும் கோடு எத்தனை அங்குலம் வளைந்திருக்கிறது, எந்த சிக்னல் எத்தனை விநாடி ஏமாற்றுகிறது என்று எழுதி எழுதி, மூன்று வருடத்தில் நாற்பத்தோரு மனு. நாற்பத்திரண்டாவது மனுவுக்கு இந்த ஒற்றை இரட்டை ஏற்பாடு கிடைத்தது. சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த வாசனையில் இரட்டைப்படை நாளை அவர் 'பேர்' என்பார், ஒற்றைப்படை நாளை 'அம்பேர்' என்பார். இப்போது வீதியில் கீரை விற்கிறவளுக்குக்கூட அந்த இரண்டு வார்த்தையும் தெரியும். போக்குவரத்துப் போலீசில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது என்பது குடும்பத்தின் நம்பிக்கை.

அப்படிப்பட்டவருடைய வண்டி, அவரே வாங்கி வந்த சட்டத்தில் மாட்டி, பூட்டுப் போட்டு நின்றால் வீதி சிரிக்குமா சிரிக்காதா? சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பயமெல்லாம் அவருடைய நெஞ்சைப் பற்றித்தான். ஆறு மாதத்துக்கு முன்னால்தான் ஸ்டென்ட் வைத்தார்கள். திடீர் அதிர்ச்சி ஆகாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, அவரிடம் நல்ல செய்தியைக்கூட உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். முத்துவேலுக்குத் தகப்பன் இல்லை. மாமனார் வீடு நாலு வீடு தள்ளி இருப்பதால் தினமும் ஒரு குறை கேட்டாக வேண்டும் என்றாலும், இந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன்னைக் குறை சொல்லவும் ஆளில்லை என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் அழுதிருக்கிறான்.

அன்றைக்கு அந்த நெஞ்சுக்குத்தான் பரிசோதனை. வைத்திலிங்கமும் மாமியார் அஞ்சலாட்சியும் விடியற்காலை முதல் பஸ்ஸிலேயே கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். காரில் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் எவனாவது உரசிவிடுவான் என்று அந்த வெள்ளை மாருதியை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர் அவர். இருபத்தெட்டு வருடத்தில் காருக்குள் அவர் உட்கார்ந்ததைவிடக் காரைச் சுற்றி வந்ததுதான் அதிகம்.

இரண்டு பேரும் வாசலில் போய் நின்று பார்த்தார்கள். மேற்கு ஓரத்தில் வெள்ளை மாருதி, மேலே கவர்கூட இல்லாமல் நின்றது.

"சாம்பல் கவரைக்கூடப் போடாம போயிருக்காருங்க" என்றாள் நிர்மலா. "எவ்ளோ பயந்திருந்தா அப்பா இப்படிப் போயிருப்பாரு?"

கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஸ்டியரிங்குக்கு முன்னால் பிள்ளையாரைக் காணோம். நீல முக்காட்டோடு சின்ன மாதா சிலை இருந்தது. வில்லியனூர் மாதா கோயிலுக்கு இந்த ஊரில் எல்லோரும்தான் போகிறார்கள், ஆனால் வைத்திலிங்கம் போனதாகச் செய்தி இல்லை. பரிசோதனைக்குப் பயந்து வெளியே சொல்லாமல் எல்லாத் தெய்வத்துக்கும் மனுப் போட்டிருக்கிறார் என்று முத்துவேல் விளக்கம் சொன்னான். நிர்மலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

போன் செய்து கேட்கலாம் என்றால் அதுவும் முடியாது. ஈ.சி.ஜி. எடுக்கப் போகும் மனிதரிடம் கார் என்ற வார்த்தையைச் சொன்னால் அங்கே பேப்பரில் மலையேறும். நாமே எதிர் ஓரத்துக்கு மாற்றி விட்டுவிடுவோம், பன்னிரண்டடிதானே என்று நிர்மலா சொன்னாள். முத்துவேல் லைசென்ஸ் வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. அந்தப் பதினோரு வருடத்தில் மூன்று முறை கார் ஓட்டியிருக்கிறான், மூன்று முறையும் முன்னால் மட்டும்.

பூட்டியிருந்த அப்பா வீட்டை நிர்மலா தன்னிடமிருந்த சாவியால் திறந்து, சாமி படத்துக்குப் பின்னால் தொங்கிய கார் சாவியை எடுத்து வந்தாள். அதுவும் இருபத்தெட்டு வயதுச் சாவி. தேய்ந்து பல்லெல்லாம் மழுங்கிப் போனது. பீரோ சாவி தொலைந்த அன்று அஞ்சலாட்சி இதைக் கொண்டே பீரோவைத் திறந்துவிட்டாள் என்று ஒரு வரலாறு உண்டு. கார்க் கதவுக்கும் கொஞ்சம் ஆட்டி, கொஞ்சம் கெஞ்ச வேண்டியிருந்தது. பிறகு திறந்துகொண்டது.

வீதி முனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் சின்னப்பொண்ணு, ஒரு காக்கிச் சட்டையைத் தேய்த்துக்கொண்டே அங்கிருந்து குரல் கொடுத்தாள். "தம்பி, அந்த வண்டி..."

"தெரியும்க்கா, அதான் மாத்தப் போறேன்" என்று சொல்லிவிட்டு முத்துவேல் உள்ளே உட்கார்ந்தான். எட்டு மணிக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. ஊருக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டான்.

நேர் எதிரே இடம் இல்லை. நீலக் கவர் போர்த்திய ஒரு கார் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. "எவனோ ஒருத்தன் வண்டியக் கொண்டாந்து மூடி வச்சிட்டுப் போயிருக்கான் பாரு" என்று முத்துவேல் அந்தக் கவரைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். அதற்குப் பின்னால் ஒரு கார் நிற்கிற இடம் காலியாக இருந்தது. ஆனால் அங்கே போக வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். அது அவனுக்கு வராது. வீதியோ ஒருவழிப் பாதை. ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வீதிக்குள் நுழைந்தால் காரியம் முடிந்தது, ஐந்து நிமிடம் என்று கணக்குப் போட்டு, மாதாவையும் இல்லாத பிள்ளையாரையும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினான்.

முதல் திருப்பம் ஒருவழிப் பாதை, எதிர்த்திசையில். இரண்டாவது வீதியில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டி, அதன்மேல் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். மூன்றாவதில் திரும்பலாம் என்றால் பள்ளிக்கூட வேன் ஒன்று குறுக்கே நின்று பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த பத்துப் பேரும் ஹாரனை அமுக்க, முத்துவேல் நேரே போனான். நேரே போகிறவனை நேரே கொண்டுபோய் விடுவதுதான் இந்த ஊர் வீதிகளின் குணம். பத்து நிமிடத்தில் அவன் ராஜா தியேட்டர் சிக்னலில், பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் சிக்கி, வண்டியை இரண்டு முறை அணைத்துவிட்டு நின்றான்.

அப்போது ஒரு போக்குவரத்துக் காவலர் காரைப் பார்த்தார். சட்டென்று நிமிர்ந்து ஒரு சல்யூட் வைத்தார்.

முத்துவேல் திரும்பிப் பின்னால் பார்த்தான். பின்னால் மீன் கூடை ஏற்றிய ஒரு ஸ்கூட்டர்தான் நின்றது. காவலர் கிட்டே வந்து குனிந்தார். உள்ளே முத்துவேலைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மாறியது.

"ஐயா வரலீங்களா?"

மாமனாரின் மனுக்களுக்கு இவ்வளவு மரியாதை இருக்கிறது என்று முத்துவேல் அன்றுவரை நம்பியதில்லை. பெருமையாகக்கூட இருந்தது. "இல்லீங்க, ஐயா கோரிமேடு ஆஸ்பத்திரியில இருக்காரு" என்றான். "ஹார்ட்டு."

"ஐயாவுக்கா? நேத்து சாயந்திரம்கூட நல்லாத்தான பேசினிருந்தாரு?"

"உள்ளுக்குள்ள பயந்துனுதான் இருந்திருக்காரு. வெளிய காட்டிக்கல."

காவலரின் கண் சிவந்துவிட்டது. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. நடு ரோட்டில் பாய்ந்து, இரண்டு கையையும் விரித்து, நாலு பக்கத்து வண்டியையும் நிறுத்தினார். வாக்கி டாக்கியில் ஏதோ சொன்னார். கோரிமேட்டுத் திசையை அகலமாகத் திறந்துவிட்டு, போங்க போங்க என்று கையைச் சுழற்றினார். முத்துவேல் திரும்ப வேண்டியது எதிர்த்திசையில். ஆனால் இவ்வளவு பெரிய மனசோடு வழிவிடுகிறவரிடம், நான் பன்னிரண்டடி தூரம் போக வந்தவன் என்று எப்படிச் சொல்வது? போனான்.

காமராஜர் சாலையில் அடுத்த சிக்னலிலும் தயாராக ஒருவர் நின்றார். சல்யூட், பச்சை விளக்கு. ராஜீவ் சிக்னலில் இரண்டு பேர். அந்த இடத்தில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நின்று பழகிய முத்துவேல், வாழ்க்கையில் முதல் தடவையாக நிற்காமல் கடந்தான். ஊரே அவனுக்கு வழிவிட்டது, ஒரே ஒரு திசையில் மட்டும். எங்காவது ஓரம் கட்டித் திரும்பலாம் என்று பார்த்தால் ஒரு மோட்டார் சைக்கிள் போலீஸ் முன்னால் வந்து சேர்ந்துகொண்டு, ஹாரன் அடித்து வழி விலக்கிக்கொண்டே போனார். ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் அவர் கையைக் காட்டிவிட்டு, இன்னொரு அழைப்பு வந்ததில் அவசரமாகத் திரும்பிப் போனார்.

முத்துவேலுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில், இட்லிக் கடை பெஞ்சில், வைத்திலிங்கம் உட்கார்ந்திருந்தார். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பிட வந்திருக்கிறார். பக்கத்தில் அஞ்சலாட்சி சட்னி ஊற்றிக்கொண்டிருந்தாள். சரியாக அவர் முன்னால்தான் வண்டி மூன்றாவது முறையாக அணைந்தது.

முத்துவேல் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்தான். குனிந்தபடியே ஒரு கண்ணால் பார்த்தான். வைத்திலிங்கம் வாய்க்குக் கொண்டுபோன இட்லியை அப்படியே நிறுத்தி, வண்டியை நன்றாகப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். தலையை இரண்டு முறை இடமும் வலமும் ஆட்டினார். பிறகு இட்லியைச் சாப்பிட்டார்.

எப்படியோ வண்டி கிளம்பியது. முத்துவேல் எல்லைப் பலகையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் அரைக் கிலோமீட்டர் போன பிறகுதான் பிரேக்கை மிதித்தான். ஒரு வேப்ப மரத்தடியில் நிறுத்தி நிர்மலாவை அழைத்தான். எதிர் ஓரத்தில் விட்டுவிட்டீர்களா என்று அவள் கேட்டாள். இல்லை, இப்போது வேறு மாநிலத்தில் இருக்கிறேன் என்றான்.

நடந்ததையெல்லாம் சொன்னான். கேட்டுவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள். "அப்பா இப்பத்தான் போன் பண்ணாரு. வண்டியப் பத்தி ஒண்ணும் கேக்கல. நம்ம வீதியில எல்லாரும் சரியான பக்கம் நிறுத்தியிருக்காங்களான்னு மட்டும் கேட்டாரு. ஆமான்னு சொல்லிட்டேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். எனக்கு அதாங்க பயமா இருக்கு."

முத்துவேலுக்கும் அதுதான் பயம். கண்ணால் பார்த்ததை நெஞ்சு ஒப்புக்கொள்ளாமல் மனிதர் உள்ளேயே அமுக்கி வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து வண்டி அதே இடத்தில், அதே மாதிரி நிற்பதைப் பார்த்தால் எல்லாம் பிரமை என்று சமாதானம் ஆகிவிடுவார். பதினொரு மணிக்கு அடுத்த சோதனை, ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். அதற்குள் வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நேரம் இருந்தது. நிதானம்தான் இல்லை.

திரும்பும்போது, புதுச்சேரிக்குள்ளேயே இருக்கும் மேட்டுப்பாளையம் பக்கம், கரும்பு ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டுதான் இருந்தது; அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது. நீட்டிக்கொண்டிருந்த கம்பி இடது கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு போட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது முத்துவேல் தன் நெஞ்சைத்தான் பிடித்துக்கொண்டான்.

அங்கேயே லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறைகள் உண்டு. ஹரிகிருஷ்ணன் என்ற பெயின்டர் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, கால் மணி நேரம் என்றார். கோடு மறைந்தது. ஆனால் மறைத்த இடம் மட்டும் புது வெள்ளையாக, வேட்டி விளம்பரம்போல மின்னியது. சரி, கதவு முழுக்க அடித்துவிடலாம் என்றார். அடித்ததும் கதவு புதுசாகவும் கார் பழசாகவும் ஆயிற்று. சீமெண்ணெய்த் துணியால் கதவை மங்கலாக்குவோம் என்றார். மங்கியது. இப்போது கதவு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. முத்துவேல் மணியைப் பார்த்தான். பத்தரை. இத்தோடு போதும் என்று கும்பிட்டுவிட்டு வண்டியை ஒரு சுற்று வந்தவன், பின்பக்கம் வந்ததும் அலறிவிட்டான்.

பள்ளத்தைக் காணோம்.

பின் சக்கரத்துக்கு மேலே எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு பள்ளம் இருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் பால்காரரின் சைக்கிள் மோதி விழுந்தது. பழைய பெயின்ட் கெட்டுவிடும் என்று வைத்திலிங்கம் அதைச் சரிசெய்ய விடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களை முதலில் அங்கே அழைத்துப் போய்க் காட்டிவிட்டுத்தான் காபி கொடுப்பார். அந்தப் பள்ளம் இருந்த இடம் இப்போது வழுவழுவென்று இருந்தது.

"அத எதுக்குய்யா எடுத்த?" என்று முத்துவேல் கேட்டான். அழுகை வந்துவிடும்போல இருந்தது.

ஹரிகிருஷ்ணன் தன் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார். பின்பக்கம் நான் போகவே இல்லை சார் என்றார். முத்துவேல் நம்பவில்லை. தொழில் தெரிந்தவன் கை சும்மா இருக்காது, பேச்சோடு பேச்சாகத் தட்டி எடுத்துவிட்டிருப்பான். கோடு இருந்தாலாவது வெளியாள்மேல் பழி போடலாம். இருந்த பள்ளம் இல்லாமல் போனதற்கு யார்மேல் பழி போடுவது? நிர்மலாவுக்குப் போன் போட்டான். அவள் இன்னொன்றும் சொன்னாள். தினமும் ராத்திரி படுக்கப் போகுமுன் அப்பா அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

ஆகவே பள்ளத்தைத் திரும்ப வைக்க வேண்டும்.

நிர்மலா அப்பாவின் மனு பைலைக் குடைந்து, பால்காரர்மீது கொடுத்த புகாரோடு இணைத்திருந்த போட்டோவைக் கண்டுபிடித்து அனுப்பினாள். சர்வேயர் எடுத்த போட்டோ. பள்ளத்தை மட்டும் பக்கத்தில் எடுத்து, ஓரத்தில் ஸ்கேல் வைத்திருந்தார். குறுக்களவு நாலரை சென்டிமீட்டர்.

இருபது வருடமாகப் பள்ளம் எடுத்துப் பிழைப்பவரிடம் பள்ளம் போடச் சொன்னால் கை வருமா? ஹரிகிருஷ்ணன் சுத்தியலைத் தூக்கித் தூக்கி இறக்கினார். மனசு வரவில்லை என்றார். கடைசியில் முத்துவேலே சுத்தியலை வாங்கி, மாமனாரின் ஆயுளை நினைத்துக் கண்ணை மூடி ஓர் அடி அடித்தான். எலுமிச்சம்பழம் கேட்ட இடத்தில் சாத்துக்குடி விழுந்தது. அதை உள்ளிருந்து தட்டிச் சின்னதாக்கப் போய், பக்கத்தில் இன்னொன்று மேடாகக் கிளம்பியது. மேட்டை அமுக்கியதில் மூன்றாவதாக ஒரு நெளிவு. ஒரு மணி நேரம் ஸ்கேலும் கையுமாக இருவரும் போராடி, ஒருவழியாக நாலரை சென்டிமீட்டரில் ஒரு பள்ளத்தைக் கொண்டுவந்தார்கள். மற்ற இரண்டையும் ஹரிகிருஷ்ணன் களிம்பு வைத்து மூடினார். போட்டோவையும் பள்ளத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோது முத்துவேலுக்கே திருப்தியாக இருந்தது.

திரும்பும் வழியில் ராஜா தியேட்டர் சிக்னலில் காலையில் பார்த்த அதே காவலர். காரைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"ஐயாவுக்கு எப்டி சார் இருக்கு?"

"ஒண்ணும் பயமில்லீங்க. ரோட்டுக் கடையில ஒக்காந்து இட்லி சாப்ட்டாரு. பஸ்ல வந்துடுவாரு."

"பஸ்லயா?" என்றார் காவலர். பின்னால் ஹாரன் அடிக்கவே முத்துவேல் கிளம்பிவிட்டான். கண்ணாடியில் பார்த்தபோது அந்த மனிதர் சிக்னலை மறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

இந்த முறை வேனும் இல்லை, குழாய்ப் பள்ளமும் மூடியிருந்தது. பன்னிரண்டு ஐம்பதுக்கு முத்துவேல் தன் வீதிக்குள் நுழைந்தான். நீலக் கவர் போர்த்திய கார் அசையாமல் அங்கேயே நின்றது. அதன் பின்னால் இருந்த காலி இடமும் அவனுக்காகக் காத்திருந்தது. முன்னால் போய் நுழைகிற மாதிரியே அது அமைந்தது தெய்வச் செயல். நிறுத்திவிட்டு இறங்கி, மாமனாரின் வழக்கப்படி ஓரக்கல்லுக்கும் சக்கரத்துக்கும் இடையே ஒரு ஜாண் இருக்கிறதா என்று கையை வைத்து அளந்தான். இருந்தது. பன்னிரண்டடி தூரத்தைக் கடக்க ஐந்து மணி பத்து நிமிடம் ஆகியிருந்தது.

நிர்மலா ஓடி வந்து பள்ளத்தைத் தடவிப் பார்த்தாள். அப்படியே இருக்கிறது என்று சொன்னாள்.

வீதியில் என்னவோ கூட்டமாக இருந்தது. எதிர் வீட்டு மாடிப்படியில் மூன்று நான்கு போலீஸ்காரர்கள் ஆப்பிள் பையும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். மாடியில், ராத்திரி வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் தூங்கி எழுந்தவர்போல ஒரு மீசைக்காரர் பனியனும் லுங்கியுமாக நின்று, கையில் திணிக்கப்பட்ட ஆப்பிள்களை ஒன்றும் புரியாமல் பார்த்தார். யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது, பாவம் என்று முத்துவேல் நினைத்துக்கொண்டான். அதற்குமேல் யோசிக்க நேரம் இல்லை. வீதி முனையில் ஆட்டோ வந்து நின்றது.

அஞ்சலாட்சியோடு வைத்திலிங்கம் இறங்கினார். கையில் ஈ.சி.ஜி. பேப்பரைச் சுருட்டி வைத்துக்கொண்டு நடந்து வந்தார். வெள்ளைக் காரின் பக்கத்தில் வந்தார். முத்துவேல் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவர் சுண்ணாம்புக் கதவைக் கடந்தார், பள்ளத்தைக் கடந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்னால் நின்ற நீலக் கவரின்மேல் கையை ஊன்றிக் களைப்பாற நிற்பவர்போல நின்று, அதை ஒரு தட்டுத் தட்டினார்.

"மாப்ள, நெஞ்சு கல்லு மாதிரி இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்க" என்றார். "நீங்க என்ன, வேலைக்கும் போகாம வேர்த்துப்போய் நிக்கிறீங்க?"

சும்மாதான் மாமா என்றான் முத்துவேல். அவர் உள்ளே போய்விட்டார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சர்வேயர் கண்ணையே ஏமாற்றிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் முத்துவேலுக்குக் கண்ணில் நீர் வந்தது. காலையிலிருந்து முதல் முறையாகச் சிரித்தான். நிர்மலாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் காரின் கூரைமேல் உரிமையோடு சாய்ந்து நின்றான்.

சின்னப்பொண்ணு தேய்த்த காக்கிச் சட்டையை ஹேங்கரில் மாட்டி, கசங்காமல் உயரப் பிடித்துக்கொண்டு எதிர் வீட்டு மாடிக்குப் போக வந்தவள், அவனைப் பார்த்து நின்றாள்.

"காலையிலயே சொல்லலாம்னு கூப்ட்டேன், நீ காதுல வாங்கல தம்பி. உங்க மாமனாரு அவரு வண்டிய விடியறதுக்கு முன்னயே இந்தாண்ட மாத்தி, புது நீலக் கவரப் போத்திட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனாரு, நீ எதுக்கு நேத்து எதிர் வீட்டு மாடியில குடிவந்த டிராபிக் இன்ஸ்பெக்டரு வண்டிய எடுத்துக்கினு போன?"